மணியம்மை பிடித்த கயிறு

எல்லப்பன் தண்ணீரில் முழுகுகிறவன் என்பது திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அவன் முழுகும்போது மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவன் பெண்டாட்டி மணியம்மை என்பதும் தெரியும். ஆனால் பேரெல்லாம் எல்லப்பனுக்குத்தான். தேர் நிலைக்கு வந்தால் சாமியைத்தான் கும்பிடுகிறோம், வடம் பிடித்தவன் உள்ளங்கையை யார் விரித்துப் பார்க்கிறார்கள்? அதனால் நான் சொல்ல வந்தது மணியம்மையைப் பற்றி.

தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் கிடந்தது. கரும்புக்கும் நெல்லுக்கும் மோட்டார் ஓடும். குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வு அடைத்துக்கொள்ளும், சில சமயம் கழன்று சேற்றில் விழுந்துவிடும். கிணற்றை இறைத்துவிட்டுத்தான் சரிசெய்வது என்றால் அதற்குள் பயிர் காய்ந்துவிடும். எனவே எல்லப்பனுக்கு ஆள் போகும். இடுப்பில் கயிறு, கையில் ஸ்பானர், அவ்வளவுதான் அவன் சாமான். தம் கட்டிக்கொண்டு இறங்குவான். புட்வால்வு மட்டுமல்ல, கை நழுவின குடத்துக்கும் அவன்தான், கால் தவறின ஆட்டுக்கும் அவன்தான். வாழ்க்கை வெறுத்துக் குதித்த மனுஷருக்கும் சில நாள் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

முழுகுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்கமாட்டார்கள். இவன் திரும்பி வராவிட்டால் எந்த வீட்டு அடுப்பு அணையுமோ, அந்த வீட்டு ஆள்தான் பிடிக்கவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் எல்லப்பனின் நைனா பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான கையோடு அவர் கயிற்றைச் சுருட்டி மருமகளிடம் கொடுத்துவிட்டு, இனி உன் பாடு என்று நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். தாலி ஒரு கயிறு என்றால் இது இன்னொரு கயிறு. முதல் கயிற்றுக்காவது மேளம் கொட்டினார்கள்.

அவள் பிடித்த முதல் கிணறு கனகம்மாசத்திரத்துப் பக்கம். எல்லப்பன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டது. புதுப்பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா என்று கத்திக்கொண்டு கயிற்றை வாரி இழுத்தாள். வால்வைப் பாதி திருகியிருந்த எல்லப்பன் முழங்கால் சிராய்த்து மேலே வந்து சேர்ந்தான். கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"ஒரு இழுப்பு இழுத்தா, இருக்கியான்னு கேக்கறேன். நீயும் ஒண்ணு இழு. இருக்கேன், பொறுத்துக்கோன்னு நான் புரிஞ்சிப்பேன். ரெண்டு இழுத்தாதான் தூக்கணும். தெரிஞ்சுதாம்மே?"

தெரிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பையும் அவள் மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரே இழுப்புக்கு அவள் ஒருநாளும் பதறியதில்லை.

மூச்சு முட்டும்போதுதான் எல்லப்பன் கேட்பான். முட்டுவது வேறு, முடிந்துபோவது வேறு என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். நெஞ்சு அடித்துக்கொள்ளும், தொண்டை காற்றுக்கு ஏங்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் அதற்கு அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி உண்டு. அந்த அமைதியில்தான் நட்டைத் திருகுவார்கள். மேலே இவள் இருக்கிறாள் என்று தெரிந்தால் பொறுக்கமுடிகிறது என்று எல்லப்பன் சொல்வான். வீட்டில் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த நாளிலும் கயிறு கேட்கும், கயிறு பதில் சொல்லும். வேலை முடிந்து அவன் ஏறிவருவதற்கு முன்னால் மூச்சை விடுவான், தண்ணீரில் குமிழி கொப்பளிக்கும். கையில் கயிறு, கண்ணில் குமிழி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் பத்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினாள். அம்மு என்று ஒரு பெண்ணும் பிறந்து பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் மழை ஏமாற்றியது. கிணறுகளின் அடிப்பாறை தெரிந்தது. முழுகத் தண்ணீர் இல்லாத ஊரில் முழுகுகிறவனுக்கு என்ன வேலை? எல்லப்பன் திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனான். வெட்டும்போதும் தம் கட்டிக்கொண்டே வெட்டுகிறான் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். பிறகு ஒரு வருஷம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அந்த மழைக்குப் பின்னால் ஸ்ரீவிஷ்ணு வந்தான்.

ஸ்ரீவிஷ்ணு திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சாமிக்குச் சமைக்கிற கணபதிசுப்பிரமணியனின் மகன். பரம்பரையாகப் பொங்கல் கிண்டிய குடும்பம். இவன் கடற்படைக்குப் போய் முழுகக் கற்றான், அதை விட்டு அந்தமானில் வெள்ளைக்காரர்களுக்குக் கடலடியைச் சுற்றிக் காட்டினான். அங்கே ஒரு புதுக் கருவியைப் பழகிக்கொண்டு, அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க ஊர் திரும்பினான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்றான். கடலில் இறங்குவதற்கு முன் பழக ஆழமான, அலையில்லாத தண்ணீர் வேண்டும். பள்ளிப்பட்டு ரோட்டில் கைவிட்ட கல்குவாரி ஒன்று மழையில் நிரம்பிக் கிடந்தது. அடியில் ஒரு பழைய டிப்பர் லாரி கூட முழுகிக் கிடந்தது. அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள் என்று அவன் சொன்னபோது, லாரியைப் பார்க்கத் தண்ணீருக்குள் போவானேன், ரோட்டில் நின்றால் போதாதா என்று மணியம்மை கேட்டாள்.

கருவிக்கு ரீபிரீதர் என்று பேர். மணியம்மை அதை மூச்சுப்பெட்டி என்றாள். முதுகில் மாட்டிக்கொள்கிற பெட்டி, வாய்க்கு இரண்டு குழாய். சாதாரண சிலிண்டரில் விடுகிற மூச்சு தண்ணீரில் குமிழியாகப் போய்விடும். இதில் போகாது. விட்ட மூச்சு குழாய் வழியே பெட்டிக்குள் போய், அங்கே அடைத்திருக்கிற சுண்ணாம்புக் குருணைக்குள் நுழையும். கெட்ட காற்றைச் சுண்ணாம்பு குடித்துக்கொள்ளும், குறைந்ததை ஒரு சின்ன சிலிண்டர் ஈடுகட்டும், சுத்தமான மூச்சு திரும்ப வாய்க்கு வரும். சத்தமில்லை, குமிழியில்லை, ரொம்ப நேரம் தாங்கும். இதை ஸ்ரீவிஷ்ணு விளக்கியபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உட்ட மூச்சையே திரும்பவும் இழுக்கறதா, எச்சில் இல்லையா சாமி, மடப்பள்ளியில தெரிஞ்சா வீட்டுக்குள்ள உடுவாங்களா என்றாள். ஸ்ரீவிஷ்ணு அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று சிரித்தான். நல்ல பிள்ளைதான் அவன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

முதலில் சாமான் தூக்கத்தான் எல்லப்பனைச் சேர்த்தான். இருட்டுத் தண்ணீருக்குப் பயப்படாத ஆள் என்று கண்டதும் கருவியையே பழக்கினான். சுண்ணாம்பை எப்படித் தட்டித் தட்டி இடைவெளி இல்லாமல் அடைப்பது, குழாயில் கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் எல்லப்பனுக்கு வந்துவிட்டது. ஒன்றுதான் வரவில்லை. இந்தப் பெட்டியில் மூச்சு முட்டினால், தலை கனத்தால், சுண்ணாம்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு நொடி யோசிக்காமல் பக்கவாட்டில் தொங்குகிற சாதாரண சிலிண்டருக்கு வாயை மாற்றிக்கொண்டு மேலே வந்துவிடவேண்டும். பொறுக்கவே கூடாது. ஸ்ரீவிஷ்ணு பயிற்சியில் மாறு என்று சைகை காட்டினால் மற்றவர்கள் அலறிப் பிடித்துக்கொண்டு மாறுவார்கள். எல்லப்பன் நிதானமாக, வெற்றிலை மடிக்கிற மாதிரி மாறுவான். இது கிணறு இல்லை என்று ஸ்ரீவிஷ்ணு திட்டுவான். எல்லப்பன் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் மார் தட்டிக்கொள்வான். மூச்சு முட்டினதுக்கெல்லாம் ஓடியாந்தா அப்புறம் முழுகறவன்னு பேரு எதுக்கு என்பான். அவளும் ஆங் என்பாள். வேறு என்ன சொல்வாள்? இத்தனை வருஷமாக அவன் பொறுத்துக்கொண்டதில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது.

ஒரு வருஷத்தில் எல்லப்பன் வழிகாட்டி ஆகிவிட்டான். வருகிறவர்களைக் குவாரிக்குள் கூட்டிக்கொண்டு போய் லாரியைச் சுற்றிக் காட்டி, திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. கயிறில்லாமல் அவனை அனுப்பமாட்டேன் என்று மணியம்மை பிடிவாதம் பிடித்தாள். அடியில் இருட்டுதானே, வழிகாட்டி கயிற்றோடு போனால் நல்லதுதான் என்று ஸ்ரீவிஷ்ணுவும் ஒப்புக்கொண்டான். ஆனால் ஒன்று கேட்கிறேன். தண்ணீருக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் நாள்கணக்கில் பாடம் எடுத்தானே, கரையில் கயிறு பிடித்தவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னானா? ஒரு இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் ஒரே ஒருமுறை கேட்டான். இருக்கியான்னு கேக்கறது என்று அவள் சொன்னாள். சரி என்று போய்விட்டான். பதிலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

குவாரிக் கரையில் அவளுக்கு அந்த மாதங்கள் நன்றாகவே இல்லை. எல்லப்பன் உள்ளே போனால் ஒரு குமிழிகூட வராது. பெட்டி இருக்கிறதால் மூச்சு முட்டாது, மூச்சு முட்டாததால் அவன் கேட்கவும்மாட்டான். கையில் கயிறு சும்மா கிடக்கும். பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள், கயிறு செத்துப்போச்சுயா, முன்ன மாதிரி நீ கேக்கறதே இல்ல என்று. எல்லப்பன் அவளை வேடிக்கையாகப் பார்த்தான். மூச்சு எங்க முட்டுது, உன்னைக் கேக்கறதுக்கு என்றான். சொன்னது நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு சுணங்கியிருந்தது. ஒரு பெட்டியைச் சக்களத்தியாக நினைத்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அது ஆடி மாசம், பரணி. மறுநாள் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி. பஸ்ஸெல்லாம் தூரத்திலேயே நின்றுவிட, மஞ்சள் துணிக்காரர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். எல்லப்பனுக்கும் காவடி வேண்டுதல் இருந்தது. காலையில் ஒரு முழுக்கு முடித்துவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்து காவடி கட்டவேண்டும் என்று அவசரம். வழக்கமாகக் குவாரிக் கரையில்தான் சுண்ணாம்பு அடைப்பான். அன்றைக்கு நேரத்தை மிச்சம் பிடிக்க வீட்டு வாசலிலேயே பெட்டியைத் திறந்து அடைத்து மூடி, ஆட்டோவில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். குவாரிக்குப் போகிற வழி லாரி ஓடிக் குண்டும் குழியுமான வழி. ஆட்டோ குதித்துக் குதித்துப் போனது. பெட்டி அவள் காலடியில்தான் இருந்தது. அது ஆடாமல் இருக்கட்டும் என்று பாதத்தால் அணைத்துக்கொண்டுதான் வந்தாள்.

பெங்களூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எல்லப்பன் இறங்கினான். ஸ்ரீவிஷ்ணு கரையில் அடுத்த ஆளுக்குக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தான். மணியம்மையின் தம்பி கஜபதியும் சாமான் தூக்க வந்திருந்தான். தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழி இல்லை. மணியம்மை கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு அது நின்றது. லாரிக்குப் பக்கத்தில் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது கயிறு ஒருமுறை இழுபட்டது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் பிற்பாடு அவளால் தாங்கமுடியாமல் போனது. அன்றைக்குச் சுணங்கினதை மனசில் வைத்துக்கொண்டு கேட்கிறான், பார் என்று நினைத்தாள். முகம் தானாக மலர்ந்தது. ஒரு இழுப்பு இழுத்துப் பதில் சொன்னாள். இருக்கேன், பொறுத்துக்கோ. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஒன்று. அவளும் ஒன்று. மூன்றாவது முறை இழுப்பு லேசாக இருந்தது, குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அதற்கும் அவள் செல்லமாக ஒன்று இழுத்தாள். அதற்குப் பிறகு கயிறு பேசவில்லை.

பெங்களூர்க்காரர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து கையை ஆட்டினார். ஸ்ரீவிஷ்ணு கிடைத்ததை மாட்டிக்கொண்டு குதித்தான். மணியம்மையும் கஜபதியும் இழுத்தார்கள். இத்தனை வருஷம் அவள் தூக்கும்போது எல்லப்பனும் கால் உதைத்து ஏறிவருவான், அதனால் அவன் கனம் அவளுக்குத் தெரிந்ததே இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயிலிருந்து குழாய் கழன்றிருந்தது. பக்கத்துச் சிலிண்டர் தொடப்படாமல் அப்படியே நிரம்பி இருந்தது. ஸ்ரீவிஷ்ணு அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். கஜபதி அக்கா புருஷனைப் பாவா, பாவா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ரோட்டில் காவடிக்காரர்களின் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் போலீஸ்காரர் முன்னால் பெட்டியைத் திறந்தபோது சுண்ணாம்பு குலுங்கி ஒரு பக்கமாக இறங்கிக் கிடந்தது. மறுபக்கம் விரல் நுழைகிற சந்து. கெட்ட மூச்சு சுண்ணாம்பைத் தொடாமல் அந்தச் சந்து வழியாகவே சுற்றி வந்திருக்கிறது. பெங்களூர்க்காரர் தான் பார்த்ததைச் சொன்னார்: எல்லப்பன் நின்று ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார், வேகமாக மூச்சு விட்டார், நன்றாக இருக்கிறீர்களா என்று நான் சைகை காட்டினேன், நன்றாக இருக்கிறேன் என்று காட்டினார். சுண்ணாம்பைப் பற்றி எழுதிக்கொண்டார்கள். கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஸ்ரீவிஷ்ணு வந்தான். குவாரியை மூடிவிட்டிருந்தான், தாடி வளர்ந்திருந்தது. தப்பு என்னுடையது, இறங்குவதற்கு முன் பெட்டியை நான் ஒருமுறை திறந்து பார்த்திருக்கவேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மணியம்மை அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேறொன்று தெரியவேண்டியிருந்தது.

"சாமி, அந்தப் பெட்டியில மூச்சு முட்டினா, பொறுத்துகினு இருந்தா அடங்கிடுமா? கெணத்துல அடங்குமே."

"இல்லேம்மா. பொறுக்கப் பொறுக்க மோசமாத்தான் போகும். உடனே மாத்திக்கணும். அதை அவர்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன்."

"அவருகிட்ட சொன்னீங்க." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "அவரு என்னைத்தான் கேட்டாரு சாமி. மூணு வாட்டி கேட்டாரு. நான் பொறுத்துக்கோ பொறுத்துக்கோன்னு சொல்லிகினே இருந்தேன்."

ஸ்ரீவிஷ்ணுவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவனால் அங்கே உட்காரமுடியவில்லை. எழுந்து வாசல் வரைக்கும் போனான், திரும்பி வந்து அவள் காலடியில் விழுந்து அழுதான். அவள் அழவில்லை. மலைக்கோயில் ஆட்கள் கேள்விப்பட்டால் ஏதாவது சொல்வார்கள், எழுந்திருங்க என்றாள்.

அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் ஆயிரம் முறை சொல்லலாம். கஜபதி சொன்னான், அம்மு பெரியவளானதும் சொன்னாள். கிணற்றுப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் எல்லப்பன்தான், அதைப் பெட்டிக்குள் கொண்டுபோனவனும் அவன்தான். அவள் எல்லாவற்றுக்கும் ஆங் என்று தலையாட்டுவாள். பிறகு எப்போதாவது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது வலது கை தானாக ஒருமுறை வெடுக்கென்று இழுக்கும். அரிசி சிதறும். குனிந்து பொறுக்குவாள்.

கிணறுகளில் திரும்பவும் தண்ணீர் இருந்தது. பாவா விட்ட தொழிலைக் கஜபதி எடுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி ரஞ்சிதம் கயிறு பிடித்தாள். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிணற்றுக்கு ஆள் வந்தது. தாலி இழந்தவள் கையில் கயிறு கொடுக்கலாமா என்று கிணற்றுக்காரர் முணுமுணுத்தார். வழக்கப்படி என் வீட்டு ஆள்தான் பிடிக்கவேண்டும், என் அக்கா என் வீட்டு ஆள் என்று கஜபதி சொல்லிவிட்டான். மணியம்மை மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னாள். அவன் கேட்கவில்லை. கயிற்றை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு இறங்கினான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கயிறு ஒருமுறை இழுபட்டது.

அவள் இழுத்தாள். காலைக் கிணற்றுக் கட்டில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, முதல்நாள் புதுப்பெண் இழுத்த மாதிரி வாரி வாரி இழுத்தாள். கஜபதி தோள் சிராய்த்து மேலே வந்து இருமினான். வால்வு கழலவில்லை. கிணற்றுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கஜபதி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கினான். திரும்பவும் ஒரு இழுப்பு. திரும்பவும் அவனைத் தூக்கி வெளியே போட்டாள். இந்தமுறை அவன் படியைப் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, நான் சும்மா, இருக்கியான்னுதான் கேட்டேன்."

"ஆங், தெரியும். மேல வந்து கேளு. எத்தினி வாட்டி வேணுமானாலும் மேல வந்து கேளு."

கஜபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு சரிக்கா என்றான். அன்றைக்கு அந்த ஒரு வால்வைக் கழற்றப் பொழுது சாய்ந்துவிட்டது.